காலாவதியான அட்டையோடு வருபவரும் காசாளரும்: யாழ் மாவட்டக் கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ் மாவட்டத்தில் பல்பொருள் அங்காடிகளையும் பெரிய பலசரக்குக் கடைகளையும் நடத்துகின்ற உரிமையாளர்களுக்கும், அவற்றின் கிளை முகாமையாளர்களுக்கும்,

வணக்கம்.

யாழ்ப்பாண நகரிலுள்ள கடையொன்றில் காசாளர்களுக்குப் பொறுப்பாக வேலை செய்பவள் நான். திகதி கடந்த அடையாள ஆவணம் ஒன்றை வாடிக்கையாளர் நீட்டினால் காசாளர் என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் எழுத்தில் தர வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். நான் வேலை செய்த கடைகளிலும், என்னோடு பழகியவர்கள் வேலை செய்கின்ற கடைகளிலும் அப்படியொரு எழுத்து இல்லை. காலையில் நிற்கின்ற மேற்பார்வையாளர் "பரவாயில்லை, முகத்தைப் பாத்துக் குடுங்கோ" என்கிறார். பின்னேரம் வருபவர் "திகதி முடிஞ்சால் வாங்கக் கூடாது" என்கிறார். ஒரே வாடிக்கையாளர் அதே சாரதி அனுமதிப்பத்திரத்தைக் காட்டிக் காலையில் வாங்கிப் போனதை மாலையில் வாங்க முடியாமல் நிற்கும்போது, அவருடைய கோபம் முழுவதும் மேசைக்குப் பின்னால் இருக்கின்ற இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் விழுகிறது. விதி இல்லாத இடத்தில் முடிவெடுப்பவர் கடையிலேயே மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவராக இருப்பது நியாயமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மேசைகளில் அடையாள ஆவணம் அதிகமாகக் கேட்கப்படுவது சிகரெட்டுக்கும், அனுமதி பெற்ற கடைகளில் மதுபானத்துக்கும்தான். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 21 வயது நிறைவடையாத எவருக்கும் இவ்விரண்டு வகைப் பொருள்களையும் விற்கக் கூடாது என்கிறது. சிகரெட் மட்டுமல்ல, எங்கள் ஊர்ச் சுருட்டும் பீடியும் புகையிலைப் பொருள்கள்தான். மீறினால் வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். தண்டப்பணமும் உண்டு, சிறையும் உண்டு. பொலிஸாரும் மதுவரி உத்தியோகத்தர்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் வந்து பார்க்கக் கூடியவர்கள். இந்தச் சட்டம் நல்ல சட்டம் என்பதே என் எண்ணம். புகையிலை விளைந்து, அதை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரை ஏற்றுமதி செய்த மாவட்டம் எங்களுடையது. அதன் பலனையும் கண்டிருக்கிறோம், அதனால் வந்த வாய்ப்புற்றுநோயையும் கண்டிருக்கிறோம். ஆகவே இந்த மடல் விதியைத் தளர்த்தச் சொல்லும் மடலென்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்தொன்பது வயதுப் பையனுக்கு ஒரு சிகரெட்டும் போகக் கூடாது. நாற்பது வயது மனிதர் காரணமில்லாமல் அவமானப்படவும் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமானால், கையிலுள்ள அட்டையை நாங்கள் எதற்காகக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

சிகரெட் வாங்க வந்தவரிடம் நாங்கள் கேட்பது வயதை. அவருடைய சாரதி அனுமதிப்பத்திரத்தில் இருக்கின்ற முடிவுத் திகதி அவர் வாகனம் ஓட்டுவதற்கான அனுமதி எப்போது முடிகிறது என்பதைச் சொல்கிறது; அவர் எப்போது பிறந்தார் என்பதை அது மாற்றுவதில்லை. அந்த அனுமதி முடிந்துவிட்டால் வீதியில் மறிக்கின்ற பொலிஸ் உத்தியோகத்தர் அதைப் பார்த்துக்கொள்வார். இதில் ஒரு சிறிய கணக்கும் இருக்கிறது. இலகு வாகனங்களுக்கு வழங்கப்படும் வழமையான அனுமதிப்பத்திரம் 8 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். 18 வயதை எட்டாதவருக்கு அது கிடைக்காது. அப்படியானால் முழு 8 ஆண்டும் ஓடி முடிந்த அனுமதிப்பத்திரம் ஒன்று கையில் இருந்தால், அதற்குரியவர் 26 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். நேற்றுப் பெற்ற புத்தம் புதிய அனுமதிப்பத்திரம் 18 வயதுக்காரருடையதாகவும் இருக்கலாம். வயதைப் பொறுத்தவரை, காலாவதியான அட்டை செல்லுபடியான அட்டையை விடப் பலமான சான்றாக நிற்கின்ற இடம் இது. இருந்தும் எங்கள் பிள்ளைகள் முடிவுத் திகதியைக் கண்டவுடன் பயந்து பொருளை எடுத்துக் கீழே வைத்துவிடுகிறார்கள், ஏனென்றால் அப்படித்தான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

தேசிய அடையாள அட்டையின் சங்கதி இன்னும் கொஞ்சம் விரிவானது. பழைய அட்டைகளைப் பலர் இன்னும் வைத்திருக்கிறார்கள். ஓரம் பிரிந்து, உள்ளே ஈரம் புகுந்து, படம் மஞ்சளாகி, பிறந்த திகதி எழுதிய மை கலங்கிப்போன அட்டைகள் அவை. "இது பழசு, செல்லாது" என்று சொல்லி அவற்றைத் திருப்பிக் கொடுப்பதை நான் பல கடைகளில் கண்டிருக்கிறேன். ஆனால் திகதி அழிந்தாலும் இலக்கம் பெரும்பாலும் அழிவதில்லை, அந்த இலக்கத்துக்குள் பிறந்த திகதி அப்படியே இருக்கிறது. பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். எந்த ஆண்டாயினும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கு வைத்திருப்பதால், மார்ச் முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 061 என்றும் பெண்ணுக்கு 561 என்றும் வரும். புதிய இலக்கத்தில் பன்னிரண்டு எண்கள். முதல் நான்கும் பிறந்த ஆண்டு முழுவதாக, அடுத்த மூன்றும் நாள். 2016ஆம் ஆண்டிலிருந்து புதிதாகப் பதிபவர்களுக்கு இந்தப் பன்னிரண்டு எண் முறையே வழங்கப்படுகிறது. பதினைந்து, பதினாறு வயதுக்கு முன் எவரும் அடையாள அட்டை எடுப்பதில்லை என்பதால், ஒன்பது எண்ணும் ஓர் எழுத்தும் உள்ள அட்டை தன்னுடையது என்றால் அவர் இன்றைக்கு 21ஐ எப்போதோ கடந்தவர். முடிவுத் திகதி பற்றிய கேள்வியே அந்த அட்டைக்குப் பொருந்தாது. இதைச் சொல்லிக் கொடுத்தால் ஒரு காசாளர் அரை மணித்தியாலத்தில் பழகிக்கொள்வார். நான் பழக்கிய பிள்ளைகள் இப்போது அட்டையைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை, இலக்கத்தை ஒரு தரம் பார்த்தவுடன் பிறந்த மாதத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, அதை மறைத்து எழுதினால் இந்த மடலுக்கு மதிப்பில்லை. அண்ணனின் பழைய அட்டை தம்பியின் கைக்கு வருகிறது. அண்ணன் புதியதை எடுத்துவிட்டார், பழையது வீட்டு அலுமாரியில் கிடக்கிறது, முகச்சாயல் ஒன்றாக இருக்கிறது. காலாவதியான அட்டையை ஏற்பதில் ஏதாவது தவறு நடக்குமென்றால் பெரும்பாலும் இந்த வழியில்தான் நடக்கும். வெளிநாடுகளில் பல கடைகள் திகதி கடந்த ஆவணத்தை அடியோடு மறுப்பதற்கும் இதுவே முக்கிய காரணம். அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு மருந்து திகதியைப் பார்ப்பதில் இல்லை. முகத்தைப் பார்ப்பதில் இருக்கிறது. செல்லுபடியான அட்டையையும் அண்ணன் தம்பியிடம் கொடுக்கலாம் அல்லவா?

இன்னும் சொல்வதானால், திகதி சரியாக இருக்கின்ற அட்டையில்தான் முகம் பிடிபடுவது கடினம். எங்கள் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்காக பாடசாலை ஊடாக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கிறார்கள். அந்தப் படத்தில் இருப்பவர் மீசை அரும்பாத, தலைமயிரை ஒட்ட வெட்டிய மாணவன். ஏழு ஆண்டு கழித்துத் தாடியோடும் கண்ணாடியோடும் அதே அட்டையை நீட்டுகின்றவரை அவர்தானா என்று உறுதிப்படுத்துவது, முப்பது வயதில் எடுத்த அனுமதிப்பத்திரத்தை முப்பத்தொன்பது வயதில் நீட்டுகின்றவரை உறுதிப்படுத்துவதை விடச் சிரமம். ஆகவே முகத்தைப் பார்க்கும் பழக்கம் எல்லா அட்டைக்கும் வேண்டும். காதின் வடிவமும் இரண்டு கண்களுக்கு இடையிலான தூரமும் தாடியாலும் எடையாலும் மாறுவதில்லை. மறுவும் தழும்பும் இலகுவில் மறைவதில்லை. சந்தேகம் வந்தால் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பிறந்த திகதியைக் கேட்காமல், "எந்த வருசம் ஏ.எல். எடுத்தனீங்கள்?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். பிறந்த திகதியை வரும் வழியிலேயே பாடமாக்கி வந்திருப்பார். உயர்தரப் பரீட்சை ஆண்டைக் கணக்குப் பார்த்துச் சொல்வதற்கு அட்டைக்கு உரியவரல்லாத ஒருவருக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்தத் தயக்கமே போதும், மேற்பார்வையாளரைக் கூப்பிடுவதற்கு.

கடவுச்சீட்டில் ஒரு நல்ல அடையாளம் உண்டு. புதியது வழங்கப்படும்போது பழையதன் மூலையை வெட்டியோ, இரத்துச் செய்ததாக முத்திரை குத்தியோ திருப்பிக் கொடுப்பார்கள். அப்படி இரத்தான கடவுச்சீட்டை ஒருவர் நீட்டினால் அவரிடம் புதியது இருக்க வேண்டும் என்று பொருள். அதைக் கேளுங்கள், தராவிட்டால் விற்க வேண்டாம். வெறுமனே திகதி கடந்து, வெட்டப்படாமல் முழுசாக இருக்கின்ற கடவுச்சீட்டு வேறு வகை. இந்த வேறுபாட்டைக் காசாளர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

நல்லூர்க் கந்தன் கொடியேறும் நாள்களில் எங்கள் கடைகளின் நிலை உங்களுக்குத் தெரியும். இருபத்தைந்து நாள் திருவிழா, அதோடு ஐரோப்பாவிலும் கனடாவிலும் பாடசாலை விடுமுறை. கஸ்தூரியார் வீதியிலும் ஆஸ்பத்திரி வீதியிலும் திருநெல்வேலியிலும் சுன்னாகத்திலும் உள்ள மேசைகளுக்கு முன்னால் வெளிநாட்டு அட்டைகள் வரிசையாக வரும். அந்த அட்டைகளைப் படிப்பதில் எங்கள் பிள்ளைகள் தடுமாறுவதற்குக் காரணம் அறிவீனம் அல்ல. ஒவ்வொரு நாடும் திகதியை ஒவ்வொரு விதமாக எழுதுகிறது. பிரித்தானிய அனுமதிப்பத்திரத்தில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை. ஒன்ராறியோவின் அனுமதிப்பத்திரத்தில் ஆண்டு முதலில். அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலும் மாதம் முதலில். 03/04 என்பது மார்ச் நான்காகவும் இருக்கலாம், ஏப்ரல் மூன்றாகவும் இருக்கலாம். பிறந்த நாளை ஒட்டி 21ஐத் தொடுகின்ற ஒருவருக்கு அந்த ஒரு மாதம் முக்கியம். ஐரோப்பிய மாதிரியில் அச்சான அனுமதிப்பத்திரங்களில் 3 என்ற எண்ணுக்கு அருகில் பிறந்த திகதியும், 4 என்ற எண்ணோடு முதல் எழுத்துச் சேர்ந்த இடத்தில் வழங்கிய திகதியும், இரண்டாம் எழுத்துச் சேர்ந்த இடத்தில் முடிவுத் திகதியும் இருக்கும். எந்த மொழியில் அச்சாகியிருந்தாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. இதை ஒரு சிறு தாளில் படமாகப் போட்டு மேசைக்குக் கீழே ஒட்டிவிட்டால், வழங்கிய திகதியைப் பிறந்த திகதி என்று நினைத்துக் குழம்புகின்ற நிலை வராது. அங்கே 18 வயதில் வாங்கலாம் என்று வாதாடுகின்ற பத்தொன்பது வயதுப் பிள்ளைகளும் அந்த நாள்களில் வருவார்கள், சில சமயம் தகப்பனையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கான பதில் சுருக்கமானது: கடை இருக்கின்ற நாட்டின் சட்டமே மேசையில் செல்லும்.

பிரித்தானியாவைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாட்டில் 2022இல் நிறைவேறிய தேர்தல் சட்டத்தின்படி வாக்களிப்பதற்குப் படமுள்ள ஆவணம் காட்ட வேண்டும்; ஆனால் படம் இன்னும் அவரைப் போலவே இருந்தால், திகதி கடந்த ஆவணமும் ஏற்கப்படும். வாக்குச்சாவடியில் கேட்கப்படுவது "இவர் யார்?" என்ற கேள்வி மட்டுமே என்பதால் அந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள். எங்கள் நாட்டில் தேர்தல் ஆணைக்குழு கடவுச்சீட்டும் சாரதி அனுமதிப்பத்திரமும் செல்லுபடியானவையாக இருக்க வேண்டும் என்கிறது. அதற்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும். இரண்டு நாடுகளிலும் வாக்குச்சாவடியில் இருக்கின்ற உத்தியோகத்தருக்கு எழுத்தில் ஒரு விதி இருக்கிறது. அவர் தன் மனம்போல் முடிவெடுப்பதில்லை. நான் கேட்பதும் அதையே. நீங்கள் கூடிப் பேசி, சட்டத்தரணியிடமும் அதிகாரசபையிடமும் கேட்டு, திகதி கடந்தவற்றை முற்றாக மறுப்பது என்று முடிவெடுத்தாலும் நான் அதற்குக் கட்டுப்படுவேன். என்னுடைய பரிந்துரை வேறு, என்றாலும் எழுதப்பட்ட கடுமையான விதி, எழுதப்படாத இரக்கத்தை விட ஊழியருக்கு நல்லது.

முடிவுத் திகதி உண்மையிலேயே பொருள்படுகின்ற வேலைகளும் எங்கள் மேசைகளில் நடக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வருகின்ற பணத்தைக் கடையில் பெற்றுக்கொள்வது அதில் முதன்மையானது. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடல் சட்டமும் அதன் கீழான விதிகளும் வாடிக்கையாளர் யார் என்பதை உறுதிப்படுத்தும் கடமையை நிதி நிறுவனங்களுக்கு விதிக்கின்றன, நாங்கள் அந்த நிறுவனத்துக்காகப் பணம் கொடுப்பவர்கள். அங்கே இரக்கப்பட்டு வளைப்பதற்கு எங்களுக்கு அதிகாரம் கிடையாது. சிம் அட்டைப் பதிவும் அப்படியே. தொலைபேசி நிறுவனம் எதைக் கேட்கிறதோ அதைக் கேட்க வேண்டும். மறுபக்கத்தில் முதியோருக்கான விலைக்கழிவு இருக்கிறது. அறுபது வயதைக் கடந்தவருக்குப் பிரதேச செயலகம் ஊடாக முதியோர் அடையாள அட்டை வழங்கப்படுகிறது. அது இல்லாமல், எழுபத்தைந்து வயது ஐயா ஒருவர் காலாவதியான கடவுச்சீட்டைக் காட்டிக் கழிவு கேட்டால் அதை மறுப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. அவருக்கு வயது குறைந்துவிடப் போவதில்லை, கழிவு கொடுப்பதால் கடை எந்தச் சட்டத்தையும் மீறப் போவதுமில்லை. ஒரே மேசையில், ஒரே ஆவணத்துக்கு, மூன்று வேலைக்கு மூன்று பதில் வரும் என்பதை நாங்கள் ஊழியருக்கு விளக்கிச் சொல்லாததால்தான் அவர்கள் எல்லாவற்றுக்கும் மறுப்பதையே பாதுகாப்பாக நினைக்கிறார்கள்.

திகதி கடந்த அட்டையோடு வருபவர்களில் பெரும்பாலானவர்கள் ஏமாற்ற வருபவர்கள் அல்லர். 2022இன் பொருளாதார நெருக்கடியில் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான அட்டைகளே நாட்டில் தட்டுப்பாடாகி, தற்காலிகமாகக் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்த காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கொரோனாக் காலத்தில் முடிவடைந்த அனுமதிப்பத்திரங்களின் காலம் அரசினால் நீடிக்கப்பட்டது. அட்டையில் அச்சான திகதி கடந்திருந்தும் அது சட்டப்படி செல்லுபடியாக இருந்தது. கடவுச்சீட்டுக்காக வவுனியாவுக்கும் பத்தரமுல்லைக்கும் விடியப்புறம் பஸ் ஏறியவர்கள் எத்தனை பேர்? கிராம அலுவலரின் கையொப்பம், பிரதேச செயலகம், படம், மருத்துவச் சான்றிதழ் என்று ஒரு நாள் கூலியை விட்டுத்தான் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. நெடுந்தீவிலிருந்தோ அனலைதீவிலிருந்தோ படகேறி வருபவர்களுக்கு அது இன்னும் பெரிய அலைச்சல். இதையெல்லாம் காசாளர் விசாரிக்க வேண்டியதில்லை. ஆனால் எதிரில் நிற்பவர் குற்றவாளி அல்லர் என்ற எண்ணத்தோடு பேச வேண்டும்.

பேசும் விதத்தைப் பற்றி நான் நீளமாக எழுதுவதற்குக் காரணம் எங்கள் ஊரின் கதை. இங்கே அடையாள அட்டை என்பது பல்லாண்டுகள் உயிரோடு சம்பந்தப்பட்ட பொருளாக இருந்தது. சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, வரிசையாக நடந்து, அட்டையைக் காட்டிக் கடந்த தலைமுறை இன்னும் எங்கள் கடைகளுக்கு மரக்கறி வாங்க வருகிறது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு, குடாநாட்டை விட்டுப் போவதற்கே இராணுவ அனுமதி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். "ஐசி எங்கே?" என்று ஒரு சீருடைக்காரர் உரத்துக் கேட்கும்போது அவர்களில் சிலருடைய கை இன்றைக்கும் சட்டைப்பையை அவசரமாகத் துழாவுவதை நான் பார்த்திருக்கிறேன். கடைச் சிப்பந்தியின் சீருடையும் சீருடைதான். ஆகவே கேட்பதற்கு முன் "ஐயா" என்றோ "அண்ணை" என்றோ கூப்பிடுங்கள், எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலில் சொல்லுங்கள், அட்டையை வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் மேசையில் எறியாமல் கையில் கொடுங்கள் என்று நான் ஊழியருக்குச் சொல்வேன். மறுக்க வேண்டி வந்தால், பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில், "ஐயா, இதின்ர திகதி முடிஞ்சு போச்சு. கடை விதிப்படி இந்தக் காசை நான் எடுத்துத் தரேலாது. பொறுப்பானவரைக் கூப்பிடுறன், ஒருக்கா நில்லுங்கோ" என்று சொன்னால் போதும். பெரும்பாலானவர்கள் அதோடு அமைதியாகிவிடுவார்கள். "இது செல்லாது, அடுத்த ஆள் வாங்கோ" என்று சொல்லும் இடத்தில்தான் சண்டை தொடங்குகிறது.

சில கடைகளில் சந்தேகம் வந்தால் வாடிக்கையாளரின் அட்டையைக் காசாளரின் சொந்தக் கைபேசியில் படம் எடுக்கச் சொல்கிறார்கள். வேறு சில இடங்களில் கொப்பியில் இலக்கத்தை எழுதி வைக்கிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். வயதைப் பார்ப்பதற்கு அட்டையைப் பார்த்தால் போதும், சேர்த்து வைக்கத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவருடைய தரவை எந்த நோக்கத்துக்காக எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு வரம்பு வைக்கிறது. இருபது வயதுப் பெண் ஒருவரின் வீட்டு முகவரியும் படமும் முன்பின் தெரியாத ஓர் ஊழியரின் கைபேசியில் கிடப்பதை உங்கள் வீட்டுப் பிள்ளையின் விடயத்தில் நீங்கள் பொறுப்பீர்களா?

நான் கேட்பது பெரிய செலவில்லாத ஏற்பாடு. ஒவ்வொரு மேசையிலும் ஒரு பக்கத் தாள் இருக்க வேண்டும். எந்த வேலைக்கு எந்த ஆவணம், திகதி கடந்தால் ஏற்பதா மறுப்பதா என்பது அதில் தமிழில் எழுதப்பட்டு, உரிமையாளரின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். அதற்குக் கீழே அடையாள அட்டை இலக்கத்தின் நாள் எண்ணை மாதமாக மாற்றுகின்ற சிறு அட்டவணை இருந்தால் இன்னும் நல்லது. கடை திறக்கும்போது, 21 ஆண்டுக்கு முந்திய அன்றைய திகதியை ஒரு பலகையில் எழுதி வைத்தால், அந்தத் திகதிக்குப் பின் பிறந்தவருக்குச் சிகரெட் இல்லை என்று காசாளர் கணக்குப் பார்க்காமலே சொல்லலாம். முப்பது வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றுகின்ற எல்லாரிடமும் கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்தானியாவில் 18 வயதுச் சட்டத்துக்கு 25 வயதுத் தோற்றத்தை எல்லையாக வைத்திருக்கிறார்கள், எங்கள் 21க்கு முப்பது பொருத்தமாக இருக்கும். தெரிந்தவர், சொந்தக்காரர், முதலாளியின் சிநேகிதரின் மகன் என்ற விலக்கு அந்தத் தாளில் வரக் கூடாது, ஏனென்றால் எங்கள் ஊரில் எல்லாரும் யாருக்காவது தெரிந்தவர்கள்தான்.

தாளை விட முக்கியமானது அதற்குப் பின்னால் நீங்கள் நிற்பது. விதிப்படி மறுத்த காசாளரை வாடிக்கையாளரின் முன்னாலேயே தள்ளிவிட்டு, "பிள்ளைக்குத் தெரியாது, நீங்கள் கொண்டு போங்கோ" என்று பொருளை எடுத்துக் கொடுக்கின்ற முகாமையாளர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அந்தப் பிள்ளை இனி எவரிடமும் அட்டை கேட்க மாட்டார். அடுத்த மாதம் பதினேழு வயதுப் பையன் வந்து நின்றாலும் கேட்க மாட்டார், வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் நிற்பவரும் அவராகவே இருக்கலாம். விதியை மீறி விற்கச் சொல்பவர் யாரோ, அவரே தன் பெயரில் பில்லைப் போட்டு விற்கட்டும். விதிப்படி மறுத்ததற்காகவோ, நல்லெண்ணத்தோடு விதிப்படி ஏற்றதற்காகவோ ஒருவருடைய சம்பளத்தில் கை வைப்பதில்லை என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது நேர அட்டவணையில் பெயரோடு இருக்கட்டும். இரவு ஒன்பது மணிக்குப் பொறுப்பானவர் எவருமில்லாமல் இரண்டு பெண் பிள்ளைகளை மட்டும் மேசையில் விட்டுவிட்டு மதுபானப் பகுதியைத் திறந்து வைத்திருப்பது இனியும் நடக்கக் கூடாது.

அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்கு முன்னர் இதைச் செய்து முடிக்கலாம். ஒவ்வொரு கடையும் தனித்தனியாக எழுதுவதை விட, சாவகச்சேரி, நெல்லியடி, பருத்தித்துறை, மானிப்பாய் என்று எல்லா இடத்துக் கடைக்காரர்களும் ஒரே தாளை ஏற்றுக்கொண்டால், ஒரு கடையில் மறுக்கப்பட்டவர் அடுத்த கடையைக் காட்டி "அங்கே தந்தவை" என்று சொல்ல இடமிராது. அத்தகைய தாளின் வரைவு ஒன்றை எழுதி எங்கள் முகாமையாளரிடம் கொடுத்திருக்கிறேன். கேட்கின்ற எந்தக் கடைக்கும் அதன் பிரதியைத் தருவேன். இலக்கம் படிக்கும் முறையைப் பழக்க வேண்டுமென்றால், வேலை முடிந்த பிறகு வந்து உங்கள் காசாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
யாழ்ப்பாண நகரிலிருந்து ஒரு தலைமைக் காசாளர்